வலப்பக்கம்

சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை.

மஹ்விஷ் அட்டைப்பெட்டியின் நாலு பக்கத்தையும் கிழித்துக் கூடத்தில் பரப்பியிருந்தாள். முன்சக்கரத்தையும் பெடல்களையும் மட்டும் கழற்றிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். மற்றதெல்லாம் அவள் கணவன் தௌசீஃப் கிளம்பியபோது இருந்தபடியே இருந்தது. கறுப்புக் கார்பன் சட்டம் பளபளத்தது. பயணத்துக்கு முந்தின நாள் இதே கூடத்தில் உட்கார்ந்து அவன் கைப்பிடியில் சுற்றிய டேப் புதுசாகவே இருந்தது.

ஹெல்மெட் தனிப் பையில் வந்திருந்தது. அதற்குள் கையுறைகள், ஒன்றுக்குள் ஒன்று செருகி உருண்டையாக.

சவாரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவன் செய்கிற காரியம் அது. இறங்கி, கழற்றி, செருகி, ஹெல்மெட்டுக்குள் போட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான்.

பிரான்சில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பாறை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழங்காலத்துக் கிராமம். அங்கிருந்து இறங்கும்போது வளைவில் சைக்கிளோடு சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான் என்றுதான் கூடப் போன சிநேகிதர்கள் சொன்னார்கள். அவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

அதுவரை தினமும் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். கல்பாலம், திராட்சைத் தோட்டம், ஆளில்லாத சர்ச் வாசல். கடைசியாக வந்தது குரல் மட்டும். "இங்க ஹாரனே கிடையாது மஹ்விஷ். என் மூச்சு எனக்கே கேக்குது."

இரண்டு வருஷமாக மாத்திரை போட்டும் தூங்காதவன், அந்த ஊர்க் காற்றில் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

படம் எடுக்க இறங்கியிருக்கலாம். கால் தவறியிருக்கலாம். அவள் அதையும் யோசித்தாள். ஆனால் அன்றைக்கு அவன் போனை ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மாமியார் கைசர் ஜஹானிடம், அவள் அம்மி என்று அழைப்பவரிடம், மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல். உடல் வந்து அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னது. பயணத்தில், விபத்தில் போனவன் ஷஹீத் அம்மா, அவனுக்குத் தியாகியின் பதவி, அழக்கூடாது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு இறங்குகிறது. துக்கம் கேட்கத் திருவல்லிக்கேணி வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைத்தான் சொல்கிறார்.

தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனுக்கு அந்தச் சொல் கிடையாது. அவனுக்கு வேறொரு சொல் இருக்கிறது. அதை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

அம்மி இப்போது சைக்கிளைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறார். காலையிலேயே போன் செய்திருந்தார். "நான் வர்ற வரைக்கும் பெட்டியைப் பிரிக்காதே, பேட்டா."

போன் அடித்தது. கொழுந்தன் ஃபராஸ்.

"பாபி, அடையாறு பாலம் ஏறிட்டோம். அம்மி ஆட்டோக்காரரை விரட்டு விரட்டுன்னு விரட்டறாங்க. இது ஆட்டோம்மா, ஏரோப்ளேன் இல்லங்கறாரு அவரு."

மஹ்விஷ் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். விதவைக்கான இத்தா இருக்கத் தொடங்கியதிலிருந்து, வெளியார் கண்ணில் படக் கூடாதென்று, அங்கே அவள் போனதில்லை.

எந்தப் பக்கம்?

உடலைச் சுற்றிய கஃபன் துணியை விலக்கிக் காட்டியபோது முகத்தின் வலப்பக்கத்தைப் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள்.

வலப்பக்கம்.

கைப்பிடியின் வலது முனையைச் சுவரில் அழுத்தி இழுத்தாள். டேப் கிழிந்து சுருண்டது. பிறகு பிரேக். பிறகு சீட்டின் ஓரம். சட்டம் மட்டும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. சமையலறையிலிருந்து இடிகல்லைக் கொண்டுவந்து ஓங்கி அடித்தாள்.

கீழேயிருந்து வாட்ச்மேன் வெள்ளைத்துரையின் குரல் வந்தது. "எம்மா, மேல யாரு டைல்ஸ் ஒடைக்கது? மத்தியானத்துல ஒடைக்கக் கூடாதுன்னு செக்ரட்டரி போர்டே மாட்டிருக்காவல்ல!"

விரிசல் விழும்வரை அடித்தாள். விழுந்ததும் அந்த இடத்தைச் சுவரில் வைத்து மறுபடி தேய்த்தாள்.

மணி அடித்தபோது சைக்கிள் கூடத்தில், அட்டைகளின்மேல் கிடந்தது.

"பிரிச்சிட்டியா?" என்றார் அம்மி.

"ஆமா அம்மி."

தண்ணீர் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, புர்காவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். கைப்பிடியில் தொடங்கிய அவர் கை மெதுவாக நகர்ந்து பிரேக்குக்கு வந்தது, சட்டத்துக்கு வந்தது. விரிசலில் நின்றது. தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டார்.

ஃபராஸ் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மி விரல்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். சுண்ணாம்புப் பொடி.

தலையைத் தூக்கிப் பால்கனிப் பக்கம் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வெள்ளைச் சுவரில் நீளநீளமாகக் கறுப்புக் கோடுகள்.

மஹ்விஷ் திரையை மூட மறந்திருந்தாள்.

"பாத்தியா ஃபராஸ்," என்றார் அம்மி. குரல் நடுங்கவில்லை. "எப்படி விழுந்திருக்கான் பாரு, என் பிள்ளை."

ஃபராஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். குடும்பத்தாருக்கு அனுப்பப் படம் எடுக்க போனைத் தூக்கினான்.

"இரு."

அம்மி எழுந்து போய்ப் பால்கனித் திரையை இழுத்து மூடினார். திரும்பி வந்து முழங்காலிட்டு, துப்பட்டா நுனியால் சைக்கிளின் வலப்பக்கம் முழுவதையும் ஓரிடம் விடாமல் துடைத்தார். விரிசலுக்குள் இருந்ததை வாயால் ஊதினார்.

"இப்ப எடு," என்றார்.