மூன்றாவது குழாய்

கட்டியைக் காணவில்லை. அதற்காக எரிந்து விழுந்துகொண்டிருந்த ஒரே ஆள் ஸ்கேன் டாக்டரம்மாதான்.

வெளியே நோயாளியின் மனைவி, வருகிற போகிற நர்ஸுகளின் கையை எல்லாம் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். போன மாதப் படத்தில் வலது நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் இன்று எடுத்த படத்தில் அது இருந்த சுவடே இல்லை.

போனில் சர்ஜன் கத்தினார். "மேடம், ஆளைத் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுவந்தாச்சு. அறுக்கவா, வீட்டுக்கு அனுப்பவா?"

"பத்து நிமிஷம் பொறுங்க சார்."

இதோடு மூன்றாவது பத்து நிமிஷம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி நோண்டினார். நுரையீரலிலிருந்து இதயத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் வலது பக்கம் சாதாரணமாக இரண்டுதான் இருக்கும். இன்றைய படத்தில் இரண்டு. போன மாதப் படத்தில் மூன்று!

"கட்டி கரையலாம். பிறக்கும்போதே வந்த குழாய் எப்படிக் கரையும்? இது வேற யாரோட நெஞ்சோ!" பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் மேல் பாய்ந்தார். "அன்னைக்கு யார் படத்தை இவர் பேர்ல ஏத்தினீங்க?"

பன்னிரண்டு வருஷ சர்வீஸ்காரர் போன மாதப் படத்தின் தேதியையே உற்றுப் பார்த்தார்.

டாக்டரம்மாவே ரிஜிஸ்டரை இழுத்துப் புரட்டினார். அந்தத் தேதியில் மதியம் வரை மெஷின் ரிப்பேர். அதற்கப்புறம் வந்தது இந்த ஒரே நோயாளி. மாற்றிப் போடுவதற்கு இன்னொரு ஆளே இல்லை. எரிச்சலில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்படி மரம் மாதிரி நின்னா எப்படி? இவர் தப்பிச்சார், சரி. அந்தக் கட்டிக்குச் சொந்தக்காரர் ஒண்ணும் தெரியாம எங்கேயோ சுத்திக்கிட்டிருக்கார். அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

டெக்னீஷியன் நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். "அன்னைக்கு நோயாளி பேரை முன்னாடியே அடிச்சு வச்சிட்டேன் மேடம். ரெண்டு படமும் அதே பேர்ல விழுந்து, முதல் படம் உங்களுக்கு வந்திருக்கு."

"ரெண்டா? முதல் படம் யாரோடது?"

"ரிப்பேர் சரியாச்சான்னு பார்க்க, நான்தான் படுத்தேன்."