பாதி வழியில் நின்ற பேருந்து

“பஸ் நிறைய ஆள வெச்சுக்கிட்டு நடுவழியில நிறுத்திட்டு எங்கம்மா போனீங்க?”

“பாத்ரூமுக்கு சார்.”

பணிமனை மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பேருந்து ஒரு நிமிடம் பிந்தினாலும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்புகிற மனிதர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கடிகாரம்’. அவர் போட்ட அட்டவணைப்படி கடைசி நிறுத்தத்திலும் வண்டி நிற்காது. வந்த கையோடு திரும்ப வேண்டும்.

பேருந்து ஓட்டுகிற அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேலையே போனாலும் இன்று வாயை மூடுவதில்லை என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் பயம்தான்.

“கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?”

“அடக்கி அடக்கித்தான் சார் இந்த வினை. போக வழியில்லன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. போனா நெருப்பா எரியுது. போயிட்டு வந்த உடனே மறுபடி வர்ற மாதிரி இருக்கு. யூரின் போற பாதையில அழற்சின்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மிரட்டப் போகிறார் என்று நினைத்தாள்.

“எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பெரிய டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்களா?”

“யூரின் டெஸ்ட்தான் சார்.”

“மாத்திரையில சரியாயிடுமா?”

“எரிச்சல் சீக்கிரமே விட்டுடுச்சு. ஆனா பாதியில விட்டா திரும்ப வரும், முழுசா சாப்பிட்டு முடிங்கன்னாங்க. வாசனை சோப்பையும் அந்தப் பக்கம் கொண்டு போகக் கூடாதாம்.”

“வீட்டுக்காரர்கிட்ட... சொல்லித்தான் ஆகணுமா?”

அவளுக்குச் சுருக்கென்றது. மனுஷன் எல்லை மீறுகிறாரே.

“சொன்னேன் சார். அவரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்துற வகையும் இருக்காம். யார் தப்புன்னு பாக்கறதுக்கில்ல, ரெண்டு பேரும் நல்லா இருக்கணுமேன்னுதான். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?”

“இருங்க, ஒரு முக்கியமான போன்” என்று அவர் வேகமாக வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் இன்னும் இறுகியிருந்தது. மேலிடத்தில் பேசிவிட்டு வருகிறார், இனித் தலை தப்பாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் பயம் போய்விட்டது.

“நாளைக்கும் நிறுத்துவேன் சார். என்ன நடவடிக்கை வேணா எடுங்க. இங்க வண்டி ஓட்டுற அத்தனை பேரும் அடக்கிக்கிட்டுத்தான் ஓட்டுறாங்க. வாய் திறந்து சொல்லல, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே மடமடவென்று குடித்து முடித்தாள்.

அவர் அட்டவணையை இழுத்து, சிவப்புப் பேனாவால் மளமளவென்று திருத்தினார்.

“கடைசி நிறுத்தத்துல இனிமே எல்லா வண்டியும் பத்து நிமிஷம் நிக்கும். அங்க கழிப்பறையும் கட்டச் சொல்றேன். உங்க மேல நடவடிக்கை எதுவும் இல்ல.”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டாள். கடிகாரத்தையே நிறுத்திவிட்டாள். என்ன ஆகுமோ என்று வெளியே காத்திருக்கும் மற்ற ஓட்டுநர்களிடம் சொல்லக் கால்கள் பறந்தன.

“ஒரு நிமிஷம்மா.”

கதவருகே திரும்பிப் பார்த்தாள். அவருடைய போன் மேசையிலேயே கிடந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “அந்த டாக்டரம்மா... ஆம்பளைங்களையும் பாப்பாங்களா?”