ஏழு ரிக்ரெட் லெட்டர்

"இதுவரைக்கும் எத்தனை ரிக்ரெட் லெட்டர் வந்திருக்கு சார் உங்களுக்கு?"

கேட்டவர் ராஜாராமன். மானியம் வழங்கும் ஓர் அமைச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவர். 'வருந்துகிறோம்' என்று பல்கலைக்கழகங்களுக்குப் போகும் கடிதங்களில் பாதி அவர் கை பட்டுப் போனவை. இப்போது டெல்லி மயூர் விஹார் ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு, அதே பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய ஆராய்ச்சி மைய மானியம் வாங்கித்தர வழி சொல்கிறார்.

"ஏழு" என்றார் பேராசிரியர் கலியமூர்த்தி, பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் வயதைச் சொல்வதுபோல.

"அச்சா!" ராஜாராமன் முகம் மலர்ந்தது. "ஏழையும் கொண்டு வந்திருக்கேளோ? ஒவ்வொண்ணுக்கும் ஜெராக்ஸ் வேணும்."

"அது எதுக்கு சார்?" என்றாள் கூட வந்திருந்த ஆராய்ச்சி மாணவி தமிழ்செல்வி. "புதுசா எழுதத்தானே வந்திருக்கோம்?"

"டாக்டர்கிட்ட போனா பழைய ரிப்போர்ட் கேக்க மாட்டாரோ? வியாதி தெரிஞ்சாத்தானேம்மா வைத்தியம்."

கலியமூர்த்தி ஏழு கடிதங்களின் ஜெராக்ஸையும் விண்ணப்பத்தையும் நீட்டினார். காவிரி டெல்டாவின் கடலோரக் கிராமங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகள். ஒன்பது வருடமாக, மாதம் தவறாமல், எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு ஏறுகிறது என்று அளந்து வைத்திருந்தார். இருக்கிற மானியம் மார்ச்சோடு முடிகிறது. மையம் கிடைக்காவிட்டால் சோதனைக்கூடத்துக்குப் பூட்டு. தமிழ்செல்வியோடு சேர்த்து நாலு பேர் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ராஜாராமன் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"டீம்ல எத்தனை பேர்?"

"நானும் நாலு பசங்களும்."

"போறாது. நடனத் துறையைச் சேர்த்துக்கோங்கோ."

"கிணத்துக்கும் நடனத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லாதவா எல்லாம் ஒண்ணா உட்கார்ந்தா அதுக்குப் பேர்தான் பல்துறை ஆய்வு. அப்புறம் இந்தக் கிணத்து அட்டவணை, இருபது பக்கம். இதை எடுத்துடலாம்."

"சார், அதுதான் எங்க உசுரு."

"எல்லாத்தையும் அளந்தாச்சுன்னா, இனிமே அளக்க என்ன இருக்குன்னு கமிட்டி கேக்கும். நான் அந்த நாற்காலிக்குப் பின்னாடியே முப்பது வருஷம் நின்னவன்."

கலியமூர்த்தி மனமில்லாமல் தலையாட்டினார். கிணறுகள் வெளியே போயின. நடனம் உள்ளே வந்தது.

காபியோடு வந்த ராஜாராமனின் மனைவி வத்சலா, புது ஜெராக்ஸ் கட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். "ஏன்னா, பீரோல இனிமே இடமில்லை. பழைய கட்டையெல்லாம் பேப்பர் வாங்க வர்ற கபாடிவாலாகிட்ட எடைக்குப் போட்டுடட்டுமா?"

"தொடாதே. அதுதான் நம்ம சொத்து."

கிளம்பும்போது கலியமூர்த்தி தயங்கினார். "உங்க ஃபீஸ் சார்..."

"சிவ சிவா. இது சேவை. உங்க லெட்டர்ஹெட்ல ஒரே ஒரு கடிதம் போதும். எழுதிக்கோங்கோ. 'எங்கள் பல்கலைக்கழகம் மானியப் போட்டிகளில் தொடர்ந்து தோற்று வருகிறது. ஸ்ரீ ராஜாராமனின் பணி எங்களுக்கு மிக அவசியம்.' கீழே ரெஜிஸ்ட்ரார் சீல் மறக்காம இருக்கணும்."

"தோத்துட்டு வர்றோம்னு நாங்களே எழுதிக் கொடுக்கணுமா சார்?" என்றாள் தமிழ்செல்வி.

"பணிவும்மா. இந்த டெல்லியில பணிவு இல்லாம ஒரு ஃபைலும் நகராது."

படியிறங்கும்போது கலியமூர்த்தி உருகினார். "பத்து பைசா வாங்கலை பாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்."

"அதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

மூன்று மாதம் கழித்து, அமைச்சகத்தின் லோதி ரோடு அலுவலகத்தில் நேர்முகம். ஒரே ஒரு மையத்துக்குத்தான் மானியம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கமிட்டித் தலைவர் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"நடனம் இருக்கிறது, சந்தோஷம். கிணறு ஏதாவது அளந்திருக்கிறீர்களா?"

"இருநூத்திப் பன்னிரண்டு சார்! ஒன்பது வருஷமா..."

"விண்ணப்பத்தில் இல்லையே."

"அது வந்து சார்..."

"அடுத்தவர் வரலாம்."

மாலை ஐந்து மணிக்கு முடிவு ஒட்டினார்கள். கூட்டத்துக்குள் போக கலியமூர்த்திக்குக் கால் வரவில்லை. தமிழ்செல்வி போனாள். அந்த நேரம் பார்த்து, கையில் லட்டு டப்பாவோடு ராஜாராமன் சிரித்தபடி வராந்தாவில் வந்தார். கலியமூர்த்திக்கு உயிர் திரும்பியது. லட்டு என்றால் வேறென்ன அர்த்தம்?

"வாயைத் திறங்கோ புரொபசர் சார்."

பாதி லட்டு வாயில் இருக்கும்போதே தமிழ்செல்வி திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நமக்கு இல்லை சார். 'பல்கலைக்கழகங்கள் ஏன் தோற்கின்றன, தேசிய ஆய்வு மையம்'னு போட்டிருக்கு. மயூர் விஹார் அட்ரஸ். இயக்குநர் ராஜாராமன். ஆதாரம் முன்னூத்திப் பன்னிரண்டு ரிக்ரெட் லெட்டர். ஆதரவுக் கடிதம் கொடுத்தது நாப்பத்தோரு பல்கலைக்கழகம். கடைசிப் பேர் நம்மளது."

ராஜாராமன் டப்பாவை அவள் பக்கம் நீட்டினார்.

"எடுத்துக்கோம்மா, உங்க எல்லாரோட ஆசீர்வாதம். புரொபசர் சார், எட்டாவது ரிக்ரெட் லெட்டர் பத்து நாள்ல தபால்ல வந்துடும். மறக்காம ஒரு ஜெராக்ஸ் அனுப்பிடுங்கோ."