படியாத மஞ்சள்

2024 ஜூன் 12, புதன், காலை பத்து இருபது. தல்லாகுளத்தில் மழையற்ற மேகமும் புழுதிக்காற்றும். ஆய்வு நெறிக்குழுத் தலைவர் ராதாமணியின் மேசையில், நேற்று மாலை ஆய்வு மாணவி காவ்யஸ்ரீ வைத்துச்சென்ற இரு குப்பிகள் நிற்கின்றன. ஒன்றில் மஞ்சளின் சத்து நீருக்கடியில் படிந்து கிடக்கிறது. மற்றதில், அவள் நுண்ணிய கொழுப்புறைக்குள் பொதிந்த அதே சத்து நீரெங்கும் பரவிப் பொன்னாக ஒளிர்கிறது. கரையாத மருந்து புற்றுக்கட்டியை எட்டாது. எலிகளில் சோதிக்க இந்தக் குழுவின் அனுமதி கிடைக்காவிட்டால் அவளுடைய நான்காண்டு ஆய்வு இன்றோடு முடிகிறது. ராதாமணி மூடியிட்ட இரண்டாம் குப்பியைச் சன்னலருகே உயர்த்திக் கவிழ்த்துப் பார்க்கிறார். "ஒரு பொட்டுகூடப் படியலையேம்மா!" "அட்டெண்டர் அண்ணன் ரசத்தெளிவுன்னு குடிச்சிராம விட்டாரே, அதுவே பெருசு மேடம்," என்கிறாள் எதிரே நிற்கும் காவ்யஸ்ரீ. சிரித்துக்கொண்டே ராதாமணி அனுமதித் தாளில் கையொப்பமிட்டு, மை உலர ஊதுகிறார். அதற்குள் மேசைக்கு மேல் காவ்யஸ்ரீயின் இரு கைகள் நீண்டுவிடுகின்றன. ஈரம் காயாத தாள் அவற்றில் வந்து சேர்கிறது.