பத்தாவது குண்டு

லோரீன் அந்த நீல அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்ததும் வெண்டெல் க்ரூபர் கடித்த டோனட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

பெட்டியின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தது: மெர்ல் ஸ்டோல்ட்ஸ்.

ஒஹாயோவில் சனிக்கிழமைத் துப்பாக்கிச் சந்தைக்கு வருகிறவர்கள், பழைய போட்டி ரிவால்வர் என்றால் நேராக வெண்டெலிடம்தான் வருவார்கள். அவற்றைச் சேர்ப்பதும் மதிப்புப் போடுவதும்தான் எழுபத்தாறு வயதில் அவருக்கு உலகம். இரும்பைப் பேசவைக்கிற மனுஷன் என்று பெயர் வாங்கியவர்.

ஒரு வியாதியும் உண்டு. துளையுள்ள எதைப் பார்த்தாலும் எண்ணுவார். பெல்ட், பொத்தான், தட்டில் அடுக்கிய டோனட், எதையும் விடமாட்டார். ஒன்பதில் வந்து நின்றால் அன்று முழுக்கச் சாப்பாடு பிடிக்காது.

"அப்பா போன மாசம் தவறிட்டார் சார்," என்றாள் லோரீன். அவளுக்கே அறுபதை நெருங்குகிற வயது. "நான் விலை கேட்க வரலை. ஊரே அவரைப் பொய்யன்னு சொல்லிச்சு. இதைப் பார்த்தா உங்களுக்கு ஏதாவது தெரியுமான்னுதான் வந்தேன்."

கதை அந்த வட்டாரத்தில் பழையவர்கள் எல்லாருக்கும் தெரியும். 1964-இன் தபால் போட்டி. அவரவர் ஊர்க் கிளப்பிலேயே பத்துக் குண்டு சுட்டு, குறி அட்டையை உறையிலிட்டுச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். லோரீனின் அப்பா மெர்ல் அனுப்பிய அட்டையில் ஒன்பது துளைகள்தான் இருந்தன.

பத்தாவது குண்டு முன்னது போன துளைக்குள்ளேயே போயிற்று என்றார் மெர்ல். காதால் கேட்ட வெடிக்கு மார்க் கிடையாது என்று எழுதிவிட்டார் செயலாளர். கோப்பை வேறு ஊருக்குப் போனது. முடிவெட்டப் போய் உட்கார்ந்தால்கூட, "என்ன மெர்ல், பத்தாவது எங்கப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

மெர்ல் அதன்பிறகு சுடவே இல்லை.

வெண்டெல் ரிவால்வரை எடுத்தார். சந்தை வாசலில் பாதுகாப்புக்காகக் குழலில் கோத்துவிட்ட பிளாஸ்டிக் பட்டை அப்படியே தொங்கியது. கைப்பிடி மரத்தைக் கழற்றி, உள்பக்கத்து எண் துப்பாக்கி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். சரிதான். குண்டு போடும் உருளையைச் சுற்றி ஓடிய தேய்மானக் கோட்டை வெளிச்சத்தில் காட்டினார். நீல மெருகு கம்பெனி போட்டதுதான், மறுபூச்சு இல்லை. இடுக்குகளில் கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது.

"ஆயிரக்கணக்கில சுட்டிருக்கார்மா. ஒவ்வொரு தடவையும் பச்சைப் பிள்ளையைத் துடைக்கிற மாதிரி துடைச்சு வெச்சிருக்கார். அப்புறம் ஒருநாள் மூடினவர், தொடவே இல்லை."

"அது எனக்கே தெரியுமே சார்." அவள் முகம் வாடிவிட்டது. "அவர் பொய் சொன்னாரா இல்லையா?"

அதை இரும்பு சொல்லாது. விலையைத்தான் சொல்லும். குறியைத் திருத்தும் குட்டித் திருப்புளியும் கூடவே இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். அதைத் தேடித்தான் பெட்டிக்குள் இருந்த அட்டைத் தட்டை வெண்டெல் தூக்கினார்.

அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பார்சல் இருந்தது. பழுப்புக் காகிதம், சணல் கயிறு, பிரிக்கப்படாத முடிச்சு. முகவரி: செயலாளர், தபால் போட்டி. அதன் குறுக்கே சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தது: 'வாங்க மறுப்பு. அனுப்பியவருக்கே திருப்பவும்.'

சந்தை இரைச்சல் முழுக்க அவர் காதிலிருந்து விலகிப் போயிற்று. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பேனாக்கத்தியை எடுத்தார்.

லோரீன் சட்டென்று பார்சல்மேல் கையை வைத்தாள்.

"வேணாம் சார். அம்மா கெஞ்சிக்கூட அப்பா திறக்க விடலை. 'அது எனக்கு வந்தது இல்ல, யாருக்கு அனுப்பினேனோ அந்த ஆள்தான் திறக்கணும்'னுவார். கடைசிவரைக்கும் அதையேதான் சொன்னார்."

வெண்டெல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது. பார்சலைத் தட்டுக்கடியில் வைத்துவிட்டு, மதிப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இவள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்தக் காலத்து ஆட்களில் இனி யார் மிச்சம்?

"கையை எடும்மா," என்றார். "அந்த ஆள் நான்தான்."

அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. விதிப்புத்தகம் தலைகீழ்ப் பாடம். தோற்றவர்களின் புலம்பல் கடிதங்களைப் படித்துச் சலித்துப் போயிருந்த வாரம் அது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தார், காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். அரை நிமிஷ வேலை.

லோரீன் கையை எடுத்துக்கொண்டாள்.

கயிறு ஐம்பத்தோரு வருஷத்தில் இற்றுப்போய், கத்தி பட்டதும் விட்டுவிட்டது. உள்ளே ஈயத்துண்டு ஒன்று இருந்தது. குறி அட்டைக்குப் பின்னாலிருந்த கட்டையிலிருந்து தோண்டி எடுத்தது; மரச்சிராய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெண்டெல் அதை உள்ளங்கையில் உருட்டினார். ஒரு குண்டின் வாலுக்குள் இன்னொரு குண்டு தலையைப் புதைத்து, ஒரே துளை வழியாக வந்த இரண்டும் ஒன்றாக இறுகிப் போயிருந்தன.

லோரீன் குனிந்து பார்த்தாள். அவளுக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது.

"எத்தனை சார் இருக்கு அதுல?"

"பத்தும்மா," என்றார் வெண்டெல்.