மைனாவின் சிறகில் ஒரு கோழியிறகு

புயலில் கூடும் போய், சிறகும் பிய்ந்துபோன மைனா, "பறப்புக் கல்லூரி இனிமே எனக்கு எட்டாது. இரை பொறுக்கிப் பொழைச்சுக்கிறேன்" என்றது. பாக்கி இருந்ததோ கடைசித் தேர்வு ஒன்றுதான்.

மரத்துப் பறவைகள் விடுமா? ஆளுக்கோர் இறகைப் பிடுங்கிக் கொடுத்தன. தையல்சிட்டு உட்கார்ந்து தைத்தது. கீழே மேய்ந்த கோழியும் வலியைப் பொறுத்துக்கொண்டு, தன்னிடமிருந்ததில் நல்ல இறகாகப் பார்த்து நீட்டியது.

"உனக்கே பறக்கத் தெரியாது, உன் இறகு எதுக்கு கோழியக்கா?" என்று சிரித்தது காகம்.

கோழிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நீட்டிய இறகைத் திரும்ப இழுத்துக்கொள்ளவில்லை.

தேர்வன்று மைனா, கறுப்பும் பச்சையும் பழுப்புமாகச் சிறகை விரித்து, மேகத்தைத் தொட்டுத் திரும்பியது. அண்ணாந்து நின்ற கோழி, காகத்தின் விலாவில் ஓர் இடி இடித்தது.

"அந்தப் பழுப்பு தெரியுதா காக்காத் தம்பி? எங்க வம்சத்துலயே மேகத்தைத் தொட்ட முதல் இறகு அது!"