அடிக்கோடு போட்ட வார்த்தை

“ஏண்டி, நான் உனக்கு எருமையா?”

ஸ்கேல் டீச்சர் நோட்டை மேசைமேல் எறிந்த வேகத்தில் தலைமையாசிரியையின் பேனா ஸ்டாண்டு சாய்ந்தது.

ஒன்பதாம் வகுப்புக்காரி தரையைப் பார்க்கவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில்தான் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தினம் பத்துப் புது இங்கிலீஷ் வார்த்தை. ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். புது வார்த்தைக்குக் கீழே ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட வேண்டும். போடாவிட்டால் அதே ஸ்கேல் கைமேல் விழும். பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

அடிக்கோடு பிள்ளைகளுக்காக இல்லை. இருநூறு நோட்டுக்கு டீச்சருக்கு இருப்பது இரண்டு கண். கோடு போட்ட வார்த்தையில் எழுத்துப் பிழை இல்லையா, ஒரு டிக். மீதியை யார் படித்துக்கொண்டிருப்பது?

இந்தத் தொழில் ரகசியம், இன்று காலை தலைமையாசிரியை வகுப்புக்குள் நுழைந்து கைக்கு அகப்பட்ட ஒரு நோட்டைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

‘எங்கள் டீச்சர் பிடிவாதமான எருமை.’ டிக். ‘டீச்சரின் மூளை காலிப் பாத்திரம்.’ டிக். ‘டீச்சருடைய குறட்டை பிரம்மாண்டமானது.’ டிக், பக்கத்தில் ‘குட்’ வேறு.

இப்படிப் பதினெட்டுப் பக்கம். அத்தனையும் சுத்தமான இங்கிலீஷ், கோணாத அடிக்கோடு. தன்னைத் திட்டியதற்கு டீச்சர் தானே மார்க் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நோட்டுத் திருத்தும் லட்சணம் இதுதானா என்று தலைமையாசிரியை கேட்டார். அதையும் பெண்ணின் சித்தப்பாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு கேட்டார். இருபது வருஷ மானம் கப்பலேறிவிட்டது.

“எதுக்குடி இப்படி எழுதினே?”

“நீங்க படிக்கிறீங்களான்னு பாத்தேன் டீச்சர்.”

டீச்சருக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. ஒரு வாரம் இவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று நாள் போதாதா என்று தலைமையாசிரியை இழுத்துப் பார்த்தார். டீச்சர் விடவில்லை. கடிதம் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று.

சித்தப்பா பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அடக்கமான குரல். பெற்றவர்கள் வெளியூர் வேலையில் இருக்க, பெண் இவர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். நோட்டை நீட்டியபோது வாங்கவில்லை. இங்கிலீஷ் தனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது என்று கைகூப்பினார்.

“கொழுப்பு ஜாஸ்திதான் டீச்சர். ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்.”

பெண் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் ஒருமுறை திரும்பி, டீச்சரை இல்லை, மேசைமேல் கிடந்த நோட்டைப் பார்த்தாள். சித்தப்பா தோளில் கை வைத்ததும் போய்விட்டாள். வெளியே பைக் கிளம்பியது. டீச்சருக்கு வயிறு குளிர்ந்தது.

தலைமையாசிரியையின் முகம் மட்டும் இன்னும் கடுகடுவென்று இருந்தது. எருமை எல்லாம் நடுவில் வந்த கொழுப்பு, ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பாள் என்று காட்டிவிட, டீச்சர் முதல் பக்கத்துக்குப் புரட்டினாள்.

நினைத்தது சரி. முதல் இரண்டு நாளும் எருமை இல்லை, பாத்திரம் இல்லை. மணிமணியான கையெழுத்து. அந்த வருஷத்தில் முதல்முறையாக டீச்சர் வாக்கியங்களை முழுசாகப் படித்தாள்.

‘சித்தப்பா என்னை ஸ்டோர் ரூமில் பூட்டுவது வழக்கம்.’

‘பெல்ட் பட்ட இடம் முதுகில் வீங்கியிருக்கிறது.’

‘டீச்சர், என் அம்மாவுக்கு ரகசியமாகப் போன் செய்யுங்கள்.’

‘ரகசியமாக’ என்ற வார்த்தைக்குக் கீழே ஸ்கேல் வைத்த கோடு.

எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில், டீச்சரின் கையெழுத்தில் ஒரு வரியும் இருந்தது.

‘வெரி குட். இதேபோல் இன்னும் நிறைய எழுது.’